கொய்ஸுமி யாக்குமோ: பரதேசி பிரஜையான வரலாறு

ஓர் அன்னிய தேசத்தில் பல வருஷம் குடியிருந்து, அங்கே உத்தியோகம் பார்த்து, அங்கேயே பெண் கொண்டு பிள்ளையும் பெற்ற பிறகு, அந்தத் தேசத்தின் பிரஜையாகி விடுவதா, அல்லது பிறப்பினால் வந்த பிரஜா உரிமையை வைத்துக் கொண்டே காலந் தள்ளுவதா என்ற கேள்வி கடல் கடந்து வாழ்வோர் அநேகருக்கு எழுகிறது. இதைத் தேசபக்தி சம்பந்தமான விஷயமாகவே பெரும்பாலோர் பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்களில் பலர் அந்த நிலையில் இருந்து பார்த்தவர்கள் அல்லர். அந்த நிலையில் இருப்பவனுக்கோ அது முதலில் மனைவியைப் பற்றிய கேள்வி. குழந்தையைப் பற்றிய கேள்வி. மாதச் சம்பளத்தைப் பற்றிய கேள்வி. தான் கண்ணை மூடிய மறுநாள் தன் வீட்டு வாசலில் யார் வந்து உரிமை பேசுவார்கள் என்ற கேள்வி. லாப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளர் 1896-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் பிரஜா உரிமையை விட்டு ஜப்பானியப் பிரஜையானார். உலகம் அவரை ஜப்பானின் அழகில் மயங்கிய ஒரு ரஸிகராகவே நினைவில் வைத்திருக்கிறது. அவர் இந்த முடிவுக்கு வந்த விதத்தைக் கவனித்தால் மயக்கத்துக்கும் அதற்கும் வெகு தூரம் என்பது விளங்கும்.

ஹெர்ன் பிறந்தது 1850-ம் வருஷம் ஜூன் மாதம் 27-ந் தேதி, கிரேக்க நாட்டை அடுத்த லெப்காஸ் என்னும் தீவில். அக்காலத்தில் அத்தீவுகள் பிரிட்டிஷாரின் பாதுகாப்பில் இருந்தன. தகப்பனார் சார்லஸ் ஹெர்ன் அயர்லாந்துக்காரர், பிரிட்டிஷ் ராணுவ வைத்தியர். தாயார் ரோஸா கிரேக்க ஸ்திரீ. கிரேக்கக் கோயில் முறைப்படி விவாகம் நடந்தது. குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது தாயும் மகனும் டப்ளின் நகருக்கு வந்தார்கள். பாஷை தெரியாத, மதமும் வேறான அந்தப் பெண்ணுக்கு அவ்விடம் ஒத்துக்கொள்ளவில்லை. 1854-ல் அவள் கிரேக்க நாட்டுக்குத் திரும்பினாள். மகன் அதற்குப் பின் அவளைப் பார்க்கவே இல்லை. 1857-ல் தகப்பனார் அந்த விவாகத்தையே செல்லாதென்று ரத்து செய்து கொண்டார். அதற்குக் காட்டிய காரணம் யாதெனில், விவாகப் பத்திரத்தில் ரோஸாளின் கையொப்பம் இல்லை என்பது. அவள் எழுதத் தெரியாதவள்! மூன்று குழந்தைகளைப் பெற்ற தாய், ஒரு கையெழுத்துக் குறைவினால் மனைவி அல்லள் என்றாகி விட்டது. சார்லஸ் வேறொரு ஸ்திரீயை மணந்து கொண்டு இந்தியாவுக்கு வந்து, செகந்தராபாத் பட்டாளத்தில் வேலை பார்த்தார். 1866-ல் ஊர் திரும்பும் வழியில் சூயஸ் வளைகுடாவில் மலேரியாக் காய்ச்சலால் இறந்து போனார்.

சிறுவனை ஒரு பெரிய பாட்டியார் வளர்த்தார். பதினாறாம் வயதில் பள்ளிக்கூடத்து விளையாட்டில் அடிபட்டு இடது கண் போயிற்று. பாட்டியாரின் செல்வமும் ஒரு உறவினரின் வியாபார நஷ்டத்தில் கரைந்தது. பத்தொன்பதாம் வயதில், 1869-ல், அமெரிக்காவில் சின்சினாட்டி நகருக்குக் கப்பலேற்றி அனுப்பி விட்டார்கள். கையில் காசின்றித் தெருவில் அலைந்து, ஒரு அச்சுக்கூடக்காரர் ஆதரவில் பிழைத்து, பிறகு பத்திரிகை நிருபராகிப் பெயரெடுத்தார். 1874-ல் அங்கே ஆலெத்தியா போலி என்ற நீக்ரோ ஸ்திரீயை மணந்தார். அவள் முன்னாளில் அடிமையாக இருந்தவள். வெள்ளையரும் கறுப்பரும் மணம் செய்வதை ஒஹையோ ராஜ்யத்துச் சட்டம் அப்போது தடுத்திருந்தது. 1887-ல்தான் அந்தத் தடை நீங்கிற்று. பத்திரிகையில் வேலை போயிற்று. தம்பதிகளுக்குள்ளும் ஒற்றுமை நிலைக்கவில்லை. 1877-ல் அவர் நியூ ஆர்லியன்ஸ் நகருக்குப் போய்ப் பத்து வருஷம் பத்திரிகைத் தொழில் செய்து, பிறகு மார்ட்டினீக் தீவில் இரண்டு வருஷம் கழித்தார்.

வக்கீல் தொழில் பார்த்தவர்கள் இந்த இரண்டு விவாகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. தாயின் விவாகம் ஒரு சட்டத்தினால் இல்லையென்றாயிற்று. தன் விவாகம் இன்னொரு சட்டத்தினால் இல்லையென்றாயிற்று. குடும்பம் என்பது கோயிலிலும் மனசிலும் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், சர்க்கார் புஸ்தகத்தில் எழுதப்படாவிட்டால் ஒரு நாளில் கலைந்து போகும் என்ற பாடத்தை ஹெர்ன் இருமுறை கற்றார். அமெரிக்காவில் இருபது வருஷம் இருந்தும் அவர் அந்நாட்டுப் பிரஜையாகவில்லை. அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அங்கே அவருக்குக் காக்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. தனி ஆளுக்கு எந்தக் கொடி தலைக்கு மேல் பறந்தால் என்ன?

1890-ம் வருஷம் ஏப்ரல் மாதம் ஒரு அமெரிக்கப் பத்திரிகைக் கம்பெனிக்குக் கட்டுரை எழுதுவதாக ஒப்புக் கொண்டு யோகோஹாமாவில் வந்திறங்கினார். இறங்கிய சில வாரங்களிலேயே கம்பெனியோடு மனஸ்தாபம் வந்து ஒப்பந்தத்தை உதறி விட்டார். டோக்கியோ சர்வகலாசாலையில் பண்டிதராயிருந்த பேஸில் ஹால் சேம்பர்லேன் என்ற ஆங்கிலேயரின் உதவியினால், மேற்குக் கரையிலுள்ள மாட்ஸுயே என்னும் பழைய ஊரில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 100 யென். ஜப்பானிய ஆசிரியருக்கு அவ்வளவு கிடையாது. அவ்வூரில் கொய்ஸுமி ஸெத்ஸு என்ற ஸாமுராய் குலத்துப் பெண்ணை மணந்தார். மெய்ஜி ஆட்சி வந்து ஸாமுராய்களின் மானியம் போனபின் நொடித்துப் போன எத்தனையோ குடும்பங்களில் அதுவும் ஒன்று. பெண்ணோடு அவளைப் பெற்றோர், வளர்த்தோர், முதியோர் ஆகியோரைக் காப்பாற்றும் பொறுப்பும் மாப்பிள்ளை தலையில் விழுந்தது. மாட்ஸுயேயில் குளிர் பொறுக்காமல் 1891-ல் தெற்கே குமாமோட்டோவிலுள்ள உயர்தரப் பள்ளிக்கு 200 யென் சம்பளத்தில் போனார். ஜூடோ வித்தையை ஸ்தாபித்த கானோ ஜிகோரோ அப்போது அப்பள்ளியின் தலைவர். 1893-ம் வருஷம் நவம்பர் மாதம் கஸுவோ என்ற ஆண் குழந்தை பிறந்தது.

குழந்தை பிறந்ததும் கேள்வியும் பிறந்தது.

அப்போதிருந்த நிலைமையை வாசகர்களுக்குச் சற்று விவரித்தாக வேண்டும். வல்லரசுகள் பலவந்தமாக எழுதி வாங்கிய உடன்படிக்கைகளின்படி, ஜப்பானில் வசிக்கும் வெள்ளையர்மேல் ஜப்பானியக் கோர்ட்டுகளுக்கு அதிகாரம் இல்லை. ஆங்கிலேயன் குற்றம் செய்தால் ஆங்கிலக் கான்ஸல் கோர்ட்டுதான் விசாரிக்கும். இதற்குப் பிரதியாக ஜப்பானியரும் ஒரு வேலி போட்டிருந்தார்கள். அன்னியர் குறிப்பிட்ட துறைமுகங்களில் மட்டுமே குடியிருக்கலாம். உள்நாட்டில் வசிக்க வேண்டுமானால் சர்க்கார் வேலையோ தனி அனுமதிச் சீட்டோ வேண்டும். நிலம் வாங்கக் கூடாது. ஆகவே ஹெர்ன் ஆசிரியராக இருக்கும் வரையில்தான் மாட்ஸுயேயும் குமாமோட்டோவும். 1894-ல் சர்க்கார் வேலையை விட்டு ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் சேர்ந்தபோது, துறைமுகப் பட்டணமாகிய கோபேக்குத்தான் அவர் போக முடிந்தது.

இனி விவாக விஷயம். இங்கிலீஷ் சட்டப்படி, பிரிட்டிஷ் பிரஜையை மணக்கும் ஸ்திரீ பிரிட்டிஷ் பிரஜை ஆகி விடுவாள். ஹெர்ன் கான்ஸல் ஆபீஸுக்குப் போய்த் தம் விவாகத்தைப் பதிவு செய்திருந்தால், ஸெத்ஸு தன் தாய்நாட்டிலேயே அன்னியளாகி விடுவாள். பெற்றோர் வீட்டில் வசிப்பதற்கும் அவளுக்கு அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கும். ஒரு முழம் நிலம் அவள் பேரில் இருக்க முடியாது. குழந்தைக்கும் அதே கதி. ஆங்கிலமும் சரியாகத் தெரியாத அவளை ராஜ விசுவாசத்தை மாற்றிக் கொள்ளச் செய்வது விகடமாகவே முடியும். பதிவு செய்யாமல் விட்டாலோ, ஆங்கிலச் சட்டத்தின் கண்ணில் அவள் மனைவியே அல்லள். ஹெர்ன் திடீரென்று இறந்தால், அவர் சேர்த்ததெல்லாம் ஒரு முறையும் நேரில் கண்டிராத தம்பிக்கும், தகப்பனாரின் இளைய தாரத்து மகள்மாருக்கும் போய்ச் சேரும். ரோஸாளின் கதை கோபேயில் மறுபடி நடக்கும்.

உயில் எழுதி வைத்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். உயிலினால் பணத்தைக் கொடுக்கலாம். மகனுக்கு ஒரு பெயரையோ, ஓர் ஊரில் வசிக்கும் உரிமையையோ உயிலினால் கொடுக்க முடியாது.

மூன்றாவது வழி தாமே ஜப்பானியர் ஆவது. அதற்கும் விலை இருந்தது, கணிசமான விலை. ஜப்பானியச் சர்க்கார் அன்னிய ஆசிரியர்களுக்கு ஒரு சம்பள விகிதமும், தம்மவர்க்கு வேறு விகிதமும் வைத்திருந்தார்கள். அன்னியனுக்குப் பெருஞ் சம்பளம் கொடுப்பது அவன் அன்னியன் என்பதற்காகத்தான். ஹெர்ன் பிரஜையாகி விட்டால் அந்தக் காரணம் போய் விடும். குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக எடுக்கும் முடிவே குடும்பத்துக்குச் சோறில்லாமல் செய்து விடலாம். அன்றியும், 1870-ம் வருஷத்துப் பிரிட்டிஷ் சட்டப்படி, தானே விரும்பி வேறொரு ராஜ்யத்தின் பிரஜையாகிறவன் பிரிட்டிஷ் பிரஜையாக இருக்கும் உரிமையை இழந்து விடுவான். கான்ஸல் கோர்ட்டின் பாதுகாப்பும் போய்விடும். ஏதேனும் தகராறு வந்தால் மற்ற ஜப்பானியனைப் போல ஜப்பானிய நீதிபதியின் முன்பு நிற்க வேண்டியதுதான்.

இந்தக் கணக்கை அவர் இரண்டு வருஷத்துக்கு மேல் போட்டுக் கொண்டிருந்தார். சேம்பர்லேனுக்கும் வேறு நண்பர்களுக்கும் எழுதிய கடிதங்களில் ஒரு மாதம் ஒரு பக்கமும் மறு மாதம் மறு பக்கமுமாக மனசு ஆடுவதைக் காணலாம். மகனை மேல்நாட்டில் படிக்க வைக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இங்கேயே வேரூன்ற வைக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இவ்விடத்தில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மாட்ஸுயேயில் இருந்தபோது அவர் ஜப்பானைத் தெய்வலோகமாக நினைத்தார்; அப்போது பிரஜையாகும் பேச்சே இல்லை. குமாமோட்டோவுக்குப் போனபின் அந்தக் கனவு கலைந்தது. புதிய அதிகாரிகளின் கடுமை, சக ஆசிரியர்களின் ஒதுக்கம், பட்டாள நகரத்தின் வறட்சி எல்லாம் அவருக்குக் கசந்தன. ஜப்பானியரைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியவில்லை என்றே எண்ணத் தொடங்கினார். கோபே துறைமுகத்திலோ, தாம் பிறந்த இனத்தாரின் ஆடம்பரமும் அகம்பாவமும் அதைவிடக் கசந்தன. உத்தியோகம் சில மாதந்தான் நீடித்தது. 1895 தொடக்கத்தில் மீதியிருந்த ஒற்றைக் கண்ணும் நோய்ப்பட்டுப் பத்திரிகை வேலையும் நின்றது. மயக்கம் முற்றும் தெளிந்து, சம்பளமும் இல்லாமல், கண்ணும் மங்கியிருந்த அந்த வருஷத்தில்தான் அவர் விண்ணப்பம் போட்டார்.

ஜப்பானில் அப்போது பிரஜா உரிமைச் சட்டம் என்று முழுமையான ஒன்று இல்லை; அது 1899-ல்தான் வந்தது. 1873-ம் வருஷத்திய ஒரு பிரகடனம் மட்டுமே வழி காட்டிற்று. ஜப்பானியக் குடும்பத்தில் வீட்டோடு மாப்பிள்ளையாகச் சேரும் அன்னியன் ஜப்பானியன் ஆகலாம் என்பது அதன் ஏற்பாடு. நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் சிரிப்பார்கள். ஹெர்னுக்கு அந்தச் சிரிப்பைப் பற்றிக் கவலையில்லை. அவர் மனைவியின் குடும்பத்தில் சேர்ந்தார். தம் பெயரை விட்டு மனைவியின் குலப்பெயரை ஏற்றார். கொய்ஸுமி என்றால் சிறு ஊற்று. யாக்குமோ என்ற பெயர் இஸுமோ நாட்டின் தொன்மையான கவிதை ஒன்றில் வருகிற சொல். எட்டு மேகம் என்று பொருள்படும். மாட்ஸுயே அந்த இஸுமோ நாட்டு ஊர்தான். காகிதங்கள் ஆபீஸுக்கு ஆபீஸ் போய் வரப் பல மாதங்கள் பிடித்து, 1896 தொடக்கத்தில் உத்தரவு வந்தது. சர்க்கார் குடும்பக் கணக்கில் கொய்ஸுமி யாக்குமோ, மனைவி ஸெத்ஸு, மகன் கஸுவோ என்று மூவரும் ஒரே வீட்டாராக எழுதப்பட்டார்கள்.

துறைமுகத்து வெள்ளையரில் பலர் இதை இழிவாகப் பேசினார்கள். ஒரு விசித்திரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஜப்பானோடு சரிசமமான புது உடன்படிக்கைக்கு இங்கிலாந்து 1894-ம் வருஷம் ஜூலை மாதமே கையெழுத்திட்டிருந்தது. அது 1899-ல் அமலுக்கு வந்தபோது கான்ஸல் கோர்ட்டுகள் மூடப்பட்டன. அன்னியர் உள்நாட்டில் எங்கும் வசிக்கலாம் என்றாயிற்று. மூன்று வருஷம் பொறுத்திருந்தால் ஹெர்ன் பாதிச் சங்கடத்திலிருந்து தப்பியிருக்கலாம் என்று கெட்டிக்காரர்கள் சொல்லக் கூடும். ஆனால் மற்றப் பாதியாகிய மனைவி மக்களின் நிலை அப்படியேதான் இருந்திருக்கும். சேம்பர்லேனை எடுத்துக் கொள்வோம். ஜப்பானிய பாஷையில் ஹெர்னைவிட எத்தனையோ மடங்கு பாண்டித்தியம் உள்ளவர். 1873 முதல் 1911 வரை ஜப்பானில் இருந்தவர். அவர் பிரஜையாகவில்லை. கடைசியில் ஜினீவாவுக்குப் போய் 1935-ல் அங்கே காலமானார். அவர்மேல் குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. திரும்பிப் போக இடம் உள்ளவரின் நியாயம் அது.

நிற்க. சம்பள விஷயம் என்னவாயிற்று? டோக்கியோ ராஜாங்க சர்வகலாசாலையின் இலக்கியக் கல்லூரித் தலைவரான டோயாமா மஸகஸு, ஹெர்னை ஆங்கில இலக்கிய ஆசிரியராக அழைத்தார். தாம் இப்போது ஜப்பானியப் பிரஜை என்பதை ஹெர்ன் மறைக்காமல் தெரிவித்தார். அதனால் குறைவொன்றும் வராது என்று டோயாமா உறுதி கூறினார். மாதம் 400 யென் என்று ஏற்பாடாயிற்று. 1896-ம் வருஷம் செப்டம்பர் மாதம் முதல் ஆறரை வருஷம் அவர் அங்கே பிரசங்கம் செய்தார். இன்னும் மூன்று குழந்தைகள் பிறந்தன. வருஷத்துக்கு ஒரு புஸ்தகம் என்று சொல்லும்படி எழுதினார். 1902-ல் நகரத்தின் ஓரத்திலிருந்த ஓகுபோ என்ற இடத்தில் சொந்த வீடு வாங்கிக் குடியேறினார்.

ஆனால் டோயாமாவின் வாக்கு டோயாமாவோடு போயிற்று. அவர் 1900-ல் இறந்தார். பின்பு வந்தவர்களுக்கு, மேல்நாட்டில் படித்துத் திரும்பிய தம் நாட்டாரை ஆசிரியராக வைக்க வேண்டும் என்பது நோக்கம். அந்த நோக்கத்தை நாம் தவறென்று சொல்ல மாட்டோம். எந்தச் சுதந்தர தேசமும் அதைத்தான் செய்யும். செய்த விதந்தான் அழகாயில்லை. ஓய்வுக்காக அவர் விடுமுறை கேட்டபோது, அன்னிய ஆசிரியர்க்குள்ள அந்தச் சலுகை ஜப்பானியப் பிரஜைக்கு இல்லை என்று மறுக்கப்பட்டது. 1903 ஜனவரியில், மார்ச்சு மாதத்தோடு வேலை முடிகிறதென்று ஒரு கடிதம் வந்தது. மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். பிறகு அதிகாரிகள் இறங்கி வந்து, வேலை நேரத்தையும் சம்பளத்தையும் குறைத்து வைத்துக் கொள்ளலாம் என்றார்கள். ஹெர்ன் ஒப்பவில்லை. அவர் இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர் நட்ஸுமே ஸோஸெகி. பிற்காலத்தில் ஜப்பானின் தலைசிறந்த நாவலாசிரியர் என்று போற்றப்பட்டவர்.

1894-ல் குமாமோட்டோவில் உட்கார்ந்து கொண்டு அவர் எதற்குப் பயந்தாரோ, அதுவே 1903-ல் வந்து வாசலில் நின்றது. சலுகை கேட்டால் நீ ஜப்பானியன் என்கிறார்கள். நியாயம் கேட்டால் நீ வெளியிலிருந்து வந்தவன் என்பது அவர்கள் நடத்தையில் தெரிகிறது. பிரஜா உரிமை கொடுக்கும் சர்க்கார்கள் பல இவ்விதம் இரண்டு நாக்கோடு பேசுவதைச் சரித்திரத்தில் நாம் பல இடங்களில் காண்கிறோம். அப்போதும் ஹெர்ன் பிரிட்டிஷ் கொடியின் கீழ்த் திரும்பிப் போக முயலவில்லை. அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையில் சொற்பொழிவாற்றச் செய்த ஏற்பாடும் நின்று போயிற்று. அதற்காகத் தயாரித்ததையே ஜப்பானைப் பற்றிய பெரிய நூலாக எழுதி முடித்தார். 1904-ல் வாஸெடா கலாசாலை அவரை அழைத்துக் கொண்டது. அந்த வருஷமே அவருடைய பேய்க்கதைத் திரட்டாகிய குவைதான் வெளியாயிற்று. செப்டம்பர் மாதம் 26-ந் தேதி மாரடைப்பினால் ஓகுபோ வீட்டிலேயே உயிர் நீத்தார். வயது 54. பௌத்த முறைப்படி கிரியைகள் நடந்து, ஸோஷிகயா மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1916-ல் இறந்த ஸோஸெகியும் அதே மயானத்தில்தான் இருக்கிறார். சம்பளத்தைக் குறைக்கப் பார்த்த ராஜாங்கம், அவர் இறந்து பதினோரு வருஷம் கழித்து, 1915-ல், ஓர் அரசாங்கப் பதவியைக் கௌரவமாக வழங்கிற்று.

அவர் போட்ட கணக்கு சரிதானா என்பதற்கு இரண்டு கோர்ட்டுகள் வேண்டியிருக்கவில்லை, ஒன்றே போதுமாயிருந்தது. 1906-ல் சின்சினாட்டியில் ஆலெத்தியா போலி, தாம் ஹெர்னின் முதல் மனைவி என்றும் அவர் சொத்தில் தமக்குப் பங்கு உண்டென்றும் வழக்குத் தொடுத்தார். விவாகம் நடந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும் 1874-ல் ஒஹையோவில் அமலிலிருந்த சட்டப்படி அது விவாகமே அல்லவென்று வழக்குத் தள்ளப்பட்டது. அந்த ஏழை ஸ்திரீக்கு இழைக்கப்பட்ட அநீதியை நாம் மறந்து விடலாகாது. அவள் தோலின் நிறத்தைத் தவிர அவள்மேல் வேறு குற்றமில்லை. ஸெத்ஸுவோ எந்தக் கோர்ட்டுக்கும் போய்த் தன்னை மனைவி என்று நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. கணவரின் நூல்களிலிருந்து வந்த வருமானத்தைக் கொண்டு நான்கு குழந்தைகளையும் வளர்த்து, 1932-ல் காலமானாள். மூத்த மகன் கஸுவோ கொய்ஸுமி என்ற பெயரோடு வாழ்ந்து, தகப்பனாரைப் பற்றி நூல் எழுதி, 1965-ல் ஜப்பானியனாகவே இறந்தான்.